சுழல் உதையும் என் வலது காதும்

என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் தோடம்பழப் பையும் வாயில் ஒரே கேள்வியுமாக வந்தார்கள். "உதை பழகப் போன இடத்திலதானே தலையில பட்டது?" மீதிப் பேர் கேட்கவே இல்லை, அப்படித்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒரு பொம்பிளை தாய்லாந்துக் குத்துச்சண்டை பழகப் போனால் பிள்ளையார் வேறு என்ன கொடுப்பார் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அப்போது என் வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நேராகிவிட்டது, ஆகவே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உதையால் எனக்குக் கட்டி வரவில்லை. கட்டி வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் என் தலைக்குள் குடியிருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது உதைதான்.

அந்த வகுப்பில் முதலில் சேர்ந்தது என் மகள் ஆரணி. ஹவுன்ஸ்லோவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிற கூடம் அது. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் ஜன்னல் அதிரும், பேச்சு நின்று பிறகு தொடரும். ஆரணி இரண்டு கிழமை போய்விட்டு, பரீட்சை வருகிறது என்று நிறுத்திவிட்டாள். கட்டிய காசு திரும்பி வராது என்றார்கள். வேறு ஆள் வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார்கள். கட்டிய காசை விட்டுவிட்டு வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை, அதனால் நானே போனேன்.

சொல்லிக் கொடுப்பவள் ஷர்மி. முப்பது வயது ஆகவில்லை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாயும் நானும் விமான நிலையத்தில் ஒரே கடையில் வாசனைத் திரவியம் விற்றவர்கள். மற்றவர்களை "கமோன்" என்று விரட்டுவாள். என்னை "கமோன், அன்ரி" என்று விரட்டுவாள். மரியாதை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கை முட்டியில் சீலைப் பட்டி சுற்றுவதற்காக முதல் நாளே என் காப்புகளைக் கழற்றச் சொன்னாள். கலியாணத்துக்குப் பிறகு கழறாத காப்புகள், சவர்க்காரம் போட்டுக் கழற்றினோம்.

முதல் மாதம் உடம்பில் நோகாத இடமில்லை. ஆனாலும் போனேன். பிறகு பிடித்துப் போய்விட்டதால் போனேன். ஒருநாள் ஷர்மி சுழல் உதை காட்டினாள்.

அதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடது காலை முன்னுக்கு வைத்து எதிராளியைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தக் காலைச் சற்றுக் குறுக்கே வைத்து, முதுகை அவருக்குக் காட்டி, வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும். தலைதான் முதலில் திரும்பும். கண் ஆளைப் பிடித்த பிறகு வலது குதிக்காலை, கழுதை உதைக்கிற மாதிரி, நேரே பின்னால் விட வேண்டும். புறமுதுகு காட்டுவது தோற்றுப் போனவர் வேலை என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். புறமுதுகு காட்டிக்கொண்டே அடிக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எப்படியும் அதைப் பழகாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அது வரவில்லை. கால் போகும், ஷர்மி பிடித்திருக்கிற மெத்தையில் படவும் செய்யும். ஆனால் காலைக் கீழே வைத்ததும் வலப்பக்கமாகச் சரிந்து விழுவேன். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்தான்.

"அன்ரி, நீங்கள் லுக் பண்ணேல்லை. முதல்ல தலை, பிறகு கால்."

"பாத்தனான் பிள்ளை. பாக்கேக்க நீ இரண்டாத் தெரியுறாய்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பழக்கம் போதாது என்றுதான் இருவரும் நினைத்தோம். ஆகவே வீட்டில் குசினியில், குளிர்சாதனப் பெட்டியை எதிராளியாக வைத்துக்கொண்டு பழகினேன். அதன் கதவில் ஒரு பள்ளம் விழுந்தது. என் கணவர் குகன் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை செய்கிறவர். அன்று வேலை முடிந்து வந்து அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன குற்றம் செய்தது?"

"அசையாமல் இடத்தில நிண்டது," என்றேன்.

தலைச்சுற்றலுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பெயர்தான் உண்டு, பித்தம். வெள்ளிக்கிழமை விரதத்தோடு உதை பழகினால் பித்தம் ஏறாமல் என்ன செய்யும் என்று குகனும் சொன்னார், தொலைபேசியில் மைத்துனியும் சொன்னாள். இஞ்சித் தண்ணீர், மல்லித் தண்ணீர், தேசிக்காய் என்று மாறி மாறிக் குடித்தேன். குடும்ப வைத்தியர் தொலைபேசியிலேயே விசாரித்துவிட்டு, காதுக்குள் இருக்கிற சின்னச் சின்னத் துகள்கள் இடம் மாறினால் இப்படித் தலை சுற்றும் என்று சொல்லி, குளிசை எழுதிக் கொடுத்தார். எல்லோரும் சொன்னது பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குகன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்சேரும்" என்பார். இருபது வருடமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் திரும்பிப் பார்த்து வந்திருக்கிறேன். கடைசி ஒன்றிரண்டு வருடமாக நான் திரும்புவதில்லை என்பது அவருடைய முறைப்பாடு. அவர் வாய்க்குள்ளேயே கதைக்கிறார் என்பது என்னுடைய முறைப்பாடு. காரில் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன், என் வலது காது அவர் பக்கம் இருக்கும். கட்டிலிலும் அவர் என் வலப்பக்கம்தான். தொலைபேசியை நான் எப்போது இடது காதுக்கு மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. நான் வேலை செய்கிற கடையில் வலப்பக்கமாக வந்து விலை கேட்ட ஒரு பெண், நான் அவமதித்துவிட்டதாக மேலாளரிடம் போய்ச் சொன்னாள். இந்த ஊர் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் மனம் நோகும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டு, நின்ற இடத்திலேயே மூன்று தரம் என்னை நானே வலமாகச் சுற்றினேன். சின்ன வயதிலிருந்து செய்கிற காரியம், அதற்குப் பயிற்சி ஒன்றும் வேண்டாம். இரண்டாவது சுற்றில் பிள்ளையார் பக்கவாட்டில் ஓடினார். மூன்றாவது சுற்றில் நான் நிலத்தில் இருந்தேன்.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி விபூதி பூசினாள். எனக்கு வெட்கத்தைவிட வேறொன்று உறைத்தது. இங்கே உதையும் இல்லை, மெத்தையும் இல்லை, ஷர்மியும் இல்லை. மெதுவாக, கை கூப்பிக்கொண்டு சுற்றினாலும் அதே பக்கம் விழுகிறேன். மாதக்கணக்காக உதையைத் திருத்திக்கொண்டிருந்தேன், திருத்த வேண்டியது வேறெங்கோ இருந்தது. அந்த நிலத்தில் இருந்தபடியே எனக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் குடும்ப வைத்தியரின் கிளினிக் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். தொலைபேசியில் வேண்டாம், என்னை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அன்றைக்கு இருந்த மருத்துவர் இளம் பெண். என் பின்னால் நின்று ஒவ்வொரு காதுக்கும் அருகே மெல்லப் பேசினாள். "இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றாள். வலது பக்கத்தில் அவள் எதுவும் சொன்னதாகவே எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருக்கும் அறைகள். கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதில் ஒலிகளை விட்டு, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு விரல் ஓயாமல் வேலை செய்தது. வலது காதுக்கு வந்தபோது, இயந்திரம் பழுதாகிவிட்டதோ என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். பிறகு எம்ஆர்ஐ. காந்தத்தால் தலைக்குள் படம் எடுக்கிற குழாய் அது, உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது. அங்கிருந்தவர் என் வெறும் கைகளைப் பார்த்து, எங்கள் பெண்களுடைய காப்பைக் கழற்றத்தான் வழக்கமாக நேரமெடுக்கும் என்றார். அவை எப்போதோ குத்துச்சண்டைக்குக் கழன்றுவிட்டன என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

படத்தைக் காட்டிய அறுவை மருத்துவர் மெல்லிய குரல்காரர். குகனும் ஆரணியும் என்னோடு இருந்தார்கள். காதிலிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகிறது. கேட்பதும் அதில்தான், சமநிலையும் அதில்தான். அந்த நரம்பின் உறையில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால் வளர்ந்து வளர்ந்து ஒரு பெரிய திராட்சைப் பழம் அளவுக்கு வந்து மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சின்னதாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது கதிர்வீச்சுக் கொடுக்கலாம். இது அந்த அளவைத் தாண்டிவிட்டது. எடுக்க வேண்டும்.

எடுத்தால் என்ன போகும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். வலது காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தி முழுதாகப் போகும். வலப்பக்கச் சமநிலை நரம்பை வெட்ட வேண்டி வரும். முகத்தை அசைக்கிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

குகன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆரணி அழுதாள். நான் கேட்டேன், "பிறகு சுழல் உதை உதைக்கலாமா?"

மருத்துவர் திரும்பக் கேட்கச் சொன்னார். கேட்டேன். குகன் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. தலையில் அடிபடுகிற சண்டை இனி ஒருபோதும் கூடாது என்றார். சுழல்வதைப் பற்றிக் கேட்டால், ஒரு பக்க நரம்பு இல்லாமலும் மூளை சமநிலையைத் திரும்பப் பழகும், ஆனால் அந்தப் பழக்கம் முழுக்கத் தலைச்சுற்றலாகத்தான் இருக்கும். எவ்வளவு தலைச்சுற்றலைத் தாங்குகிறேனோ அவ்வளவு திரும்பலாம் என்றார். எனக்குத் தேவையான பதில் அதுதான்.

ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவதற்கு முதல்நாள் மாலை, வீட்டில் சோபாவில் குகன் என் வலப்பக்கம் வந்து இருந்தார். காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னார். வானொலியில் நிலையம் பிடிபடாதபோது வருகிற இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டது.

"கேட்டதோ?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம்," என்றேன். அது பொய். என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அறுவை முழுப் பகலும் நடந்ததாம். எனக்குத் தெரிந்தது விழித்த பிறகுதான். கண் திறந்தேன், கூரை வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன், கட்டில் ஓடியது. தாதி கையில் கிண்ணத்தோடு தயாராக நின்றாள், நான் அவளை ஏமாற்றவில்லை. தலையில் கட்டு, வலது காதுக்குப் பின்னால் மயிர் மழித்திருந்தது, வயிற்றிலும் ஒரு சின்ன வெட்டு. தலைக்குள் எடுத்த இடத்தை அடைக்க வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். அங்கே கையிருப்பு நிறைய இருப்பதாக முதலிலேயே சொல்லியிருந்தேன்.

மறுநாள் ஆரணியின் கைத்தொலைபேசியில் என் முகத்தைப் பார்த்தேன். வலது பக்கம் தொங்கியிருந்தது. கண் முழுதாக மூடவில்லை. சிரித்துப் பார்த்தேன், பாதி முகம் சிரித்தது, பாதி முகத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. காது போகும் என்று தெரிந்தேதான் போனேன், அதற்கு மனதைத் தயார் செய்திருந்தேன். முகத்துக்குத் தயார் செய்திருக்கவில்லை. நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, மாதங்களில் திரும்பும் என்றார்கள். மாதங்கள் என்ற சொல்லைக் கேட்டு அன்று அழுதேன், அதுவும் ஒற்றைக் கண்ணால் அழுத மாதிரித்தான் இருந்திருக்கும். கண் காயாமல் இருக்க மணிக்கொரு தரம் துளி விட்டார்கள்.

குகன் வேலை முடிந்து, மஞ்சள் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் ரசப் போத்தலோடு வந்தார். கட்டிலுக்கு வலப்பக்கம் கிடந்த கதிரையில் இருந்து, நிறைய நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருக்கு உறைத்தது. எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் வந்து போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் பள்ளத்தைத் தட்டி நேராக்கியதும் அதில் ஒரு செய்தி. அன்றிலிருந்து நான் பார்க்க அவர் தப்பித் தவறியும் என் வலப்பக்கம் நின்று பேசியதில்லை. வீதியில் நடந்தாலும் சரி, சாமான் கடையிலும் சரி, சத்தமில்லாமல் இடப்பக்கம் மாறிக்கொள்வார்.

என்னைக் கட்டிலை விட்டு இறக்கியவர் கவிதா என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், கோயம்புத்தூர்ப் பெண். சமநிலை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவருடைய வேலை. வந்தவுடனே எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"குணமானதும் என்ன பண்ணணும்னு ஆசைப்படுறீங்க? கடைக்குப் போகணும், ரோடு கிராஸ் பண்ணணும், அப்படி ஏதாவது?"

"சுழல் உதை உதைக்கோணும்."

"அப்படின்னா?"

கோணின வாயால், கையையும் சேர்த்து விளக்கினேன். பக்கத்துக் கட்டில்காரி தன் வலியை மறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, பண்ணலாம்," என்றார் கவிதா. "முதல்ல பாத்ரூம் வரைக்கும் போலாமா?"

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். நிலம் தண்ணீர் மெத்தை மாதிரி கிடந்தது. சுவரைப் பிடித்தபடி போனேன், பாதி வழியில் குந்தினேன், எழும்பினேன், போனேன். திரும்பி வரும்போது கவிதா ஒன்று கவனித்தார். நான் தலையைத் திருப்பாமல், கழுத்தில் பலகை கட்டினவள் மாதிரி, உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினேன்.

"அதுதாங்க தப்பு. சுத்துதுன்னு பயந்து தலையை ஆட்டாமலே வச்சிருந்தா, மூளைக்கு என்ன போச்சுன்னே தெரியாது. தெரியாததை அது எப்படிச் சரி பண்ணும்? சுத்தணும். சுத்தினாத்தான் கத்துக்கும்."

பிறகு அந்தப் பயிற்சியைக் காட்டினார். கையை நீட்டிக் கட்டை விரலைப் பார்க்க வேண்டும். கண் விரலை விடக்கூடாது, தலை மட்டும் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது விரல் விரலாகவே இருந்தது. வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் விரல் கரைந்து வழிந்தது, வயிறு மேலே வந்தது. வலது நரம்பு போனவர்களுக்கு வலப்பக்கத் திருப்பம்தான் எதிரி என்று கவிதா சொன்னார். சுழல் உதையில் தலை வலது தோளுக்கு மேலாகத்தான் திரும்ப வேண்டும். என்னுடைய அதிர்ஷ்டம் அப்படி.

"கண்ணு முதல்ல பிடிக்கணும்," என்று கவிதா சொல்லிக்கொண்டே இருந்தார். இதையேதான் டயர் கடைக்கு மேலே ஒருத்தியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குனியக்கூடாது, மூக்குச் சிந்தக்கூடாது, முக்கக்கூடாது. தலைக்குள்ளிருக்கிற நீர் கசிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தும்மல் வந்தால் வீடே எழுந்து நின்றது. ஆரணி என் கண்ணுக்குத் துளி விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் கட்டை விரலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், காலை, மத்தியானம், மாலை. பிறகு நின்றபடி. பிறகு நடைபாதையில் நடந்தபடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் முதலில் வாந்தியில் தொடங்கி, பிறகு குமட்டலாகி, பிறகு எரிச்சலாகி, கடைசியில் அலுப்பாகும். அலுப்புத் தட்டினால் அடுத்ததற்குப் போகலாம் என்பது கவிதாவின் சட்டம். பனிக்காலம் முடியும் நேரத்தில் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது வலது உதடு கோப்பையைத் தானாகப் பிடித்தது. நான் கோப்பையை வைத்துவிட்டு ஆரணியைக் கூப்பிட்டுச் சிரித்துக் காட்டினேன்.

மருத்துவர் அனுமதித்து, நான் மறுபடி கார் ஓட்டத் தொடங்கியபோது குகன் ஒரு பெரிய தியாகம் செய்தார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், ஸ்டியரிங்கைப் பெற்ற தாய்க்கும் விட்டுக் கொடுக்காதவர். அவர் ஓட்டினால் என் செத்த காது அவர் பக்கம் வரும். நான் ஓட்டினால் அவர் என் இடப்பக்கம் வருவார். ஒருநாள் சாவியை என் கையில் தந்துவிட்டுப் போய் இடது இருக்கையில் இருந்துகொண்டார். வழி முழுக்க பிரேக் போடுகிற மாதிரித் தன் காலால் தரையை மிதித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் உதை விஷயத்தில் அவர் அப்படி இல்லை. நான் மறுபடி வகுப்புக்குப் போகப் போகிறேன் என்ற அன்று, என் இடப்பக்கம் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஒருக்கா விழுந்து தலை அடிபட்டால் என்ன செய்வீர்? நான் அந்த ஆஸ்பத்திரிக் கொரிடோரில இருந்த இருப்பு உமக்குத் தெரியாது."

"தெரியாது," என்றேன். "ஆனா நீங்கள் ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. கடையில ஒராள் வலப்பக்கமாக் கூப்பிட்டால் நான் கெதியாத் திரும்போணும். ரோட்டில கார் வந்தால் திரும்போணும். கோயில்ல சுத்தோணும். விழுந்து போவன் எண்டு பயந்து பயந்து திரும்புற ஆளா இருக்க எனக்கு ஏலாது. ஆகக் கஷ்டமான திரும்பல் அந்த உதையில இருக்குது. அது வந்தால் மற்றதெல்லாம் வரும்."

அவர் என்னைத் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஷர்மி என்னைக் கட்டிப் பிடித்து, தலையில் ஒரு பஞ்சுத் தொப்பி மாட்டி, சுற்றிவர மெத்தை விரித்தாள். சண்டை இல்லை, உதை மட்டும். முதலில் அவள் ஒரு குறுக்கு வழி சொன்னாள்.

"அன்ரி, மற்றப் பக்கம் திரும்புங்கோ. வலது கால் முன்னுக்கு, இடது காலால உதையுங்கோ. லெஃப்ட் சைட் உங்களுக்கு ஓகே தானே?"

செய்து பார்த்தேன். இடப்பக்கமாகத் திரும்பினேன், கால் போனது, பட்டது, நின்றேன். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அது உதைத்த மாதிரியே இல்லை.

"பிள்ளை, கோயில்ல நாங்கள் இடப்பக்கமாச் சுத்துறேல்லை."

"இது கோயில் இல்லை, அன்ரி."

"எனக்கு எல்லாச் சுத்தும் ஒண்டுதான். வலமா உதைச்சுக் காட்டிப்போட்டுத்தான் விடுவன்."

அதற்குப் பிறகு போன கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விழுந்தேன், எழும்பினேன். தலையை மட்டும் திருப்பினேன், பிறகு தலையும் தோளும், பிறகு தலையும் தோளும் இடுப்பும், ஒரு துண்டு ஒரு துண்டாக. ஷர்மி தான் பிடிக்கிற மெத்தையின் நடுவில் வெள்ளை நாடாவால் ஒரு புள்ளி ஒட்டினாள், என் கட்டை விரலுக்குப் பதில் அது. திரும்பும்போது புள்ளி கோடாகும், கோடு கறையாகும். பிறகு ஒருநாள் கோடு குட்டையாகத் தெரிந்தது. கவிதாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

சென்ற சனிக்கிழமை குகனுக்கு விடுமுறை. கூட வருகிறேன் என்று தானாகச் சொன்னார். மேலே வந்து சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷர்மி பெரிய மெத்தையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்து எனக்கு முன்னால் நின்றாள்.

முதல் உதையில் விழுந்தேன். இரண்டாவதிலும் விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. ஷர்மி கை நீட்டினாள். "விடு, நான் எழும்புறன்," என்றேன். மூன்றாவதற்கு இடது காலைக் குறுக்கே வைத்தேன். முதுகைக் காட்டினேன். தலையை வலது தோளுக்கு மேலால் எறிந்தேன். வெள்ளைப் புள்ளி புள்ளியாகவே இருந்தது. குதிக்கால் போய் அதில் இறங்கியது, ஷர்மி இரண்டடி பின்னால் போனாள். நான் காலைக் கீழே வைத்தேன். வலப்பக்கமாக ஒரு ஆட்டம் ஆடினேன். நின்றேன்.

யாரும் கை தட்டவில்லை, அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போனது. நான் அழுதேன், இந்தமுறை இரண்டு கண்ணாலும். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடது காலை முன்னுக்கு வைத்து, இன்னொருமுறை உதைப்பதற்கு நின்றேன். அன்று நிறைய உதைத்தேன். பாதிக்கு விழுந்தேன், பாதிக்கு நின்றேன்.

வகுப்பு முடிந்து, குகன் முன்னால் இறங்கிப் போன பிறகு, படியில் ஷர்மி என்னை நிறுத்தினாள்.

"அன்ரி, நீங்கள் விழுந்து எழும்பேக்க அங்கிள் உங்களுக்குக் கிட்ட வந்தவர், தெரியுமோ? உதைச்சது காணும், வீட்ட போவம் வாரும் எண்டு சொன்னவர்."

"எனக்குக் கேக்கேல்லையே."

"ரைட் சைட்ல நிண்டு சொன்னவர். அன்ரிக்கு அந்தக் காது இல்லை, மற்றப் பக்கம் போய்ச் சொல்லுங்கோ எண்டு பிறகு நான் சொன்னன். தெரியும் எண்டார்."

"தெரிஞ்சுமோ அந்தப் பக்கம் நிண்டு சொன்னவர்?" என்றேன்.

"சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சாம். ஆனா உங்களுக்குக் கேக்க வேண்டாமாம்."

கீழே டயர் கடை வாசலில் கார் நின்றது. அவர் இடது இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தார். நான் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருகினேன்.

"இஞ்சேரும், பசிக்குதோ?" என்றார்.

அது எனக்கு நன்றாகக் கேட்டது.